வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்!



காலையில் பெரட்டு முடிந்து வேலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளையோ மோட்டாரையோ நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. "பிள்ளைக்குச் சளி மருந்து கொடுங்க ஐயா", "கையில் சிராய்ப்பு, மருந்து போடுங்க ஐயா" என்பார்கள். நான் மருந்தை எடுத்துக்கொண்டே, "உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டு வைப்பேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

"வலி ஒண்ணும் இல்லீங்க ஐயா. வலிச்சா வர்றேன்."

இந்த மாதம் இந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இருபது வருடத்திற்கு மேலாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்கு, நம் ஜனங்களைப் படுக்கையில் தள்ளிய பேச்சு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம்மில் பலரும் வலியை வைத்தே வியாதியை அளக்கிறோம். வலி இருந்தால் வியாதி, வலி இல்லாவிட்டால் சுகம் என்று நினைக்கிறோம். இந்தக் கணக்கு தப்பு. நம்மைப் பெரிதாகக் கெடுக்கும் வியாதிகளில் பல, ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை.

ஒரு கால் போன கதை

என் மனத்தை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன், செம்பனைக் குலை வெட்டும் ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். அவருக்கு அப்போது வயது 46. நல்ல உழைப்பாளி, ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். மகளுக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர், போகிற போக்கில், "ஐயா, கால் பெருவிரல் கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கு, பாருங்களேன்" என்றார். அன்றைக்கு வெளியே கூட்டம். நானும் குனிந்து பார்த்தேன். நகத்து ஓரத்தில் சின்னப் புண். "என்ன அண்ணே, வலிக்குதா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லீங்க ஐயா" என்றார். மஞ்சள் மருந்தைத் தடவி, கொஞ்சம் பஞ்சும் கட்டுத்துணியும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து அவர் மனைவி ஓடி வந்தார். "வீட்டுக்குள்ள ஒரு வாடை அடிக்குது ஐயா. எலி செத்துக் கெடக்குன்னு வீடு பூராவும் தேடினோம். கடைசியில பார்த்தா இவரு பூட்சுக்குள்ள இருந்து வருது" என்றார். போய்ப் பார்த்தேன். விரல் கறுத்துப் போயிருந்தது. கால் கணுக்கால் வரை வீங்கி, தொட்டால் சுட்டது. அப்போதும் அவர் திண்ணையில் உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டுதான் இருந்தார். அன்று காலையிலும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்! சோதித்துப் பார்த்தபோது ரத்தத்தில் சீனி 24. தமக்கு இனிப்பு நீர் இருப்பதே அவருக்குத் தெரியாது. பூட்சைக் கவிழ்த்தபோது, செம்பனை மட்டையின் முள் ஒன்று அடித்தோலைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அந்த முள்ளை மிதித்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார்.

தோட்டத்து வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

பார்க்கப் போயிருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனே ஐயா."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். "வலிக்குதா?" என்று கேட்டேனே தவிர, "தொட்டால் தெரியுதா?" என்று கேட்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சீனி பார்க்கவில்லை. அன்று முதல், நாற்பது வயதைத் தாண்டியவர் எதற்காக வந்தாலும், "முதல்ல பூட்சைக் கழட்டுங்க" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏன் வலிக்கவில்லை?

ரத்தத்தில் சீனி வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெட்டுப் போகும். மூளையிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் நரம்புகள் பாதத்து நரம்புகள்தான். அவை முதலில் கெடும். ஆரம்பத்தில் எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல, ராத்திரியில் எரிவது போல இருக்கும். சிலருக்குப் பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும். பிறகு ஒன்றுமே தெரியாது. "எரிச்சல் போயிடுச்சு, நல்லாயிட்டேன்" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் எரிச்சலைச் சொல்ல வேண்டிய நரம்பு செயலிழந்து போயிருக்கும்.

அதோடு காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடும். ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் புண் ஆறாது. கிருமிக்கோ சீனி கலந்த ரத்தம் நல்ல தீனி. உணர்ச்சி இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, கிருமி பெருகுகிறது. மூன்றும் ஒன்று சேர்ந்தால் ஒரு முள் போதும், கால் போய்விடும்.

இது எங்கோ யாருக்கோ நடப்பதல்ல. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இன்னும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நோய் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தமக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு நூற்றுக்கு 15.6 என்று சற்று இறங்கியிருந்தது. அப்படியும் ஆறு பேரில் ஒருவர்.

சீனி கூடுகிறது என்பதை உடம்பு எப்படிச் சொல்லும்?

வலிக்காது என்றேன். ஆனால் அடையாளம் காட்டாமல் இருக்காது. இவற்றைப் பாருங்கள்:

ராத்திரியில் மூன்று, நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காமல் இருப்பது. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பது, கால்சட்டை தளர்வது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது. கண் மங்கல். சின்னக் காயம் இரண்டு வாரமாகியும் ஆறாமல் இருப்பது. மர்ம இடத்தில் அடிக்கடி அரிப்பு. வழக்கமான வேலைக்கே ஆள் சோர்ந்து போவது.

வெயிலில் வேலை செய்கிற நமக்குத் தாகம் சகஜம்தான். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஆனால் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும், வீட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே தாகம் இருந்தால் அதற்கு வெயில் காரணமல்ல. வியர்வையாகப் போகும் தண்ணீருக்கும் சிறுநீராகப் போகும் தண்ணீருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: வெயிலில் உழைத்தவனுக்குச் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகும். சீனி உள்ளவனுக்குத் தாகமும் இருக்கும், சிறுநீரும் நிறையப் போகும்.

இந்த அடையாளம் எதுவுமே இல்லாமலும் சீனி இருக்கலாம். ஆகவே முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தம் சோதித்துப் பார்த்துவிடுங்கள். தாய், தகப்பனுக்கு இருந்தால், உடம்பு பருமனாக இருந்தால், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீனி கூடியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், தாகம் முதலான அடையாளங்களோடு எந்த நேரத்திலாவது 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது இனிப்பு நீர். விரலில் குத்திப் பார்ப்பது முதல் படிதான். உறுதி செய்ய டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்வார். கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

இதற்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். புருஷனுக்கு மனைவி செய்யலாம், அப்பாவுக்கு மகள் செய்யலாம்.

கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலால் அவர் கால் விரல் நுனியை மெதுவாகத் தொடுங்கள். ஓரிரு விநாடி போதும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, தட்டக் கூடாது. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு விரல்கள். தொடும்போதெல்லாம் "வலது", "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாளே வந்து காட்டுங்கள். டாக்டர்களும் தாதியரும் கையாளும் சோதனைதான் இது. விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

காலைக் காப்பாற்றும் வழி

சீனி உள்ளவர்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம், விரல் இடுக்கில் வெள்ளைப் புண் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

பூட்சைப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டுங்கள். பிறகு கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். முள், கல், ஆணி எல்லாம் கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வெறுங்காலோடு பூட்ஸ் போட வேண்டாம். உலர்ந்த காலுறை போடுங்கள். மழையில் நனைந்த காலுறையோடு நாள் பூராவும் நடக்காதீர்கள், ஒரு ஜோடியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வந்ததும் சவுக்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கிப் புண்ணாகும். கால் கடுக்கிறது என்று சுடுநீரில் காலை வைப்பவர்கள் முதலில் முழங்கையால் சூடு பாருங்கள். சூடு தெரியாத காலைக் கொதிநீரில் வைத்துத் தோலுரிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலாணியைப் பிளேடாலோ பால் வெட்டும் கத்தியாலோ சீவாதீர்கள். புண்ணில் சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய், அரைத்த பச்சிலை எதையும் வைத்துக் கட்டாதீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தைப்பூசத்திற்குப் பத்துமலையில் வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிறோம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிறோம். எனக்கும் பக்தி உண்டு. ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுட்டது தெரியாது. மறுநாள் கொப்புளம் உடைந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்த வழி கேளுங்கள். ஆத்தா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பிரஷர்: தலை சுற்றும் வரை காத்திருப்பதா?

"எனக்குத் தலைசுத்தல் இல்லை, அதனால பிரஷர் இல்லை" என்று சொல்பவர்கள் அநேகம். ரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. 180 இருக்கும் ஆள் மரத்தடியில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பட்டை கட்டி அளந்து பார்த்தால்தான் தெரியும். ஓய்வாக உட்கார வைத்து, வெவ்வேறு நாளில் அளந்தும் 140/90க்குக் குறையாமல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டுப் பிரஷர் இறங்கியதும், "நல்லாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்டதால்தானே இறங்கியது? நிறுத்தினால் மறுபடியும் ஏறும். "மருந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. இது தலைகீழான பேச்சு. சீனியும் பிரஷரும்தான் கிட்னியைக் கெடுக்கின்றன. நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலைக்கு ஆட்களைக் கொண்டு வரும் முதல் காரணம் இனிப்பு நீர்தான். கிட்னியும் வலிக்காமல் கெடுகிற உறுப்பு. சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பது, கணுக்கால் வீங்குவது, காலையில் முகம் உப்புவது எல்லாம் பல நேரம் பாதி கெட்ட பிறகு வருகிற அடையாளங்கள். அதனால்தான் சிறுநீரும் ரத்தமும் சோதிக்கச் சொல்கிறோம்.

பிரஷரைக் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் பக்கவாதம் அடிக்கும். அதுவும் பெரும்பாலும் வலிக்காது. ஒரு பக்கம் வாய் கோணும். கையைத் தூக்கச் சொன்னால் ஒரு கை கீழே இறங்கும். பேச்சு குழறும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 999க்கு அழையுங்கள். அடைத்துக்கொண்ட ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "காத்து பட்டுடுச்சு, எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்" என்று சாயங்காலம் வரை வைத்திருந்தால் அந்த நேரம் திரும்பி வராது.

நெஞ்சு: எல்லாம் வாய்வு அல்ல

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவது என்று சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். பலருக்கு நெஞ்சு நடுவில் பாரம் வைத்தது போலவோ, இறுக்கிப் பிழிவது போலவோ இருக்கும். அது இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவலாம். ஆனால் சீனி உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், மேல்வயிற்றில் உப்புசம், காரணமில்லாத பெரும் களைப்பு, இவ்வளவுதான் தெரியும்.

அதை நம் வீட்டில் "வாய்வு" என்கிறோம். சோடா குடிக்கிறோம், இஞ்சி தட்டிக் குடிக்கிறோம், தைலம் தேய்த்துப் படுக்கிறோம். புளித்த ஏப்பம் சாப்பாட்டோடு வரும், போகும். நடந்தால், ஏணி ஏறினால், வாளி தூக்கினால் வந்து, உட்கார்ந்தால் போகிற இறுக்கம் வாய்வு அல்ல. அது இதயம் கொடுக்கும் எச்சரிக்கை. அன்றைக்கே வந்து காட்டுங்கள். உட்கார்ந்தும் போகாமல், வியர்த்துக் கொட்டினால் 999. அந்த ஆளை நடக்க விடாதீர்கள். மோட்டாரில் பின்னால் உட்கார வைத்தும் கொண்டு போகாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

மார்பில் தோன்றும் கட்டியும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. "வலிக்கலையே, சதைதானே" என்று ஒரு வருடம் மறைத்து வைத்துவிட்டு, புண்ணான பிறகு வருகிறார்கள். வருகிற கட்டி எல்லாம் புற்றுநோய் அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் எது நல்ல கட்டி, எது கெட்ட கட்டி என்று சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு முடிந்த சில நாளில் குளிக்கும்போது தடவிப் பாருங்கள். கட்டி, தோல் உள்ளே இழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர் வருதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். மாதவிலக்கு நின்றுபோன பிறகு மறுபடியும் ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் அதையும் காட்டுங்கள். ஆம்பளை டிரஸ்ஸரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் பரவாயில்லை. "ஐயா, பெண் டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள். நான் ஒன்றும் கேட்காமல் கடிதம் எழுதித் தருவேன். வீட்டு ஆண்களே, அவர்கள் போக வேண்டும் என்றால் தடுக்காதீர்கள்.

காய்ச்சல் விட்டதும் வரும் ஆபத்து

டெங்கி மட்டும் கொஞ்சம் விநோதமானது. காய்ச்சல் கொதிக்கும்போது பயப்படுகிறோம், இறங்கியதும் நிம்மதியாக வேலைக்குப் போகிறோம். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் டெங்கி ஆளைக் கவிழ்க்கிறது. காய்ச்சல் விட்ட அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றைக் கண்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் கொண்டு போங்கள். டெங்கி என்று சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். சிலவற்றால் ரத்தக் கசிவு கூடும்.

அரை நாள் சம்பளமா, காலா?

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் வருவதில்லை? எனக்குத் தெரியாதா! "வெயிலுக்கு முன்னே நிரையை முடிக்கணும்", "குலைக்குக் காசு, வராத நாளுக்குக் காசு இல்லை", "மண்டோர் முகம் சுளிப்பாரு". இவை பொய்யல்ல. ஆனாலும் உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, முறையாக எம்.சி. பெற்றவருக்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வேலை செய்தது இரண்டு வருடத்திற்குக் குறைவென்றால் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்திற்குள் என்றால் 18 நாள், ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள், சாதாரண நோய் விடுப்போடு சேராமல் தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: எம்.சி. எடுத்தால் 48 மணி நேரத்திற்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாகக் கணக்கு வைப்பார்கள். மறுப்பு ஏதும் வந்தால் சங்கத்து நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சாதாரண நோய் பார்க்க ஒரு வெள்ளிதான். நாற்பது வயதைத் தாண்டிய சந்தாதாரர்களுக்காக 2013இல் சொக்சோ இலவச உடல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்காக 2019இல் பெக்கா பி40 திட்டம் வந்தது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். நம் பணத்தில் நடப்பதை நாம் விடக் கூடாது.

வாய்க்கும் கொஞ்சம் கட்டுப்பாடு

மருந்து பாதி, நாக்கு பாதி. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக் நாளுக்கு நான்கு குவளை என்பதை முதலில் குறையுங்கள். தாகத்திற்குத் தண்ணீர் குடியுங்கள், கலர் தண்ணீர் வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் முருங்கையும் கீரையும் சும்மாதானே வளர்கின்றன? உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிதான், 5 கிராம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே சாப்பாட்டில் என்றால் அந்தக் கணக்கு அங்கேயே தாண்டிவிடும். சிகரெட்டும் சம்சுவும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீனி உள்ள காலுக்குச் சிகரெட்டைப் போல் எதிரி இல்லை.

"நாள் பூராவும் காட்டில் நடக்கிறேன், எனக்கு ஏன் சீனி?" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். உழைப்பு நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. நான் சொன்ன அண்ணனை விட உழைத்தவர் அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் குளித்த பிறகு:

1. இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள்.

2. ஆறு விரல் சோதனையை மாதம் ஒரு முறை செய்யுங்கள்.

3. ஆறாத புண், புதிய கட்டி, நிறம் மாறிய மச்சம், தொட்டால் தெரியாத தேமல் உண்டா என்று பாருங்கள்.

4. இந்த வாரம் ராத்திரியில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்தீர்கள், கால்சட்டை தளர்ந்ததா, மூச்சு வாங்கியதா, இரண்டு வாரமாக இருமல் உண்டா என்று யோசியுங்கள்.

5. மருந்து தீர்ந்துபோகும் முன்பே அடுத்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

இதில் ஒன்று தட்டுப்பட்டாலும் திங்கட்கிழமை காலையில் வாருங்கள். வந்து, "ஐயா, வலி ஒண்ணும் இல்லை. ஆனா ஒரு அடையாளம் இருக்கு" என்று சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள், நான் செய்ய விட மாட்டேன்.

நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாரி கொண்டு வெட்டும் வரை விடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த அண்ணன் இப்போது செயற்கைக் கால் வைத்து நடக்கிறார். சீனியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். மிச்சமிருக்கும் காலைத் தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாராம். "ஒண்ணு போன பிறகுதான் இன்னொண்ணோட அருமை தெரிஞ்சுது ஐயா" என்று போன தீபாவளிக்குச் சொன்னார்.

நமக்கு இரண்டும் இருக்கிறதே. இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை பாருங்கள்.